மைதானத்தில் பிள்ளைக்கு யார் பொறுப்பு?

வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு அந்த அரைத்தாள் தெரிந்திருக்கும். ஜெராக்ஸுக்கு மேல் ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கிப்போன தாள். மேலே பள்ளியின் பெயரோ கிளப்பின் பெயரோ இருக்கும். கீழே நாலு வரி. என் மகன் அல்லது மகள் இன்ன போட்டியில் கலந்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன், பயணத்திலோ தங்குமிடத்திலோ மைதானத்திலோ எது நேர்ந்தாலும் நிர்வாகமோ பயிற்சியாளரோ பொறுப்பல்ல. பெற்றோர் கையொப்பம்.

பள்ளி அணிகளுக்குத் துணையாகப் போகும் ஆசிரியை என்ற முறையில் இந்தத் தாளை நானே பல வருடம் கொடுத்து, நானே திரும்ப வாங்கி ஃபைலில் கோத்திருக்கிறேன். ஒருமுறை மாநில அளவிலான போட்டிக்குக் கிளம்பும்போது, ரயில் நிலைய வாசலில் ஒரு தாய் தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே நிமிர்ந்து கேட்டார்: “புள்ளைங்க ராத்திரி எங்க படுப்பாங்க டீச்சர்? கூட யாரு இருப்பாங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கழிவறைக் கதவை வெளியிலிருந்து ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொரு பிள்ளை உள்ளே போக வேண்டியிருந்தது. இரண்டு பெஞ்சுகளைக் கதவுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு, அதை ஒட்டி நான் படுத்தேன். அந்தத் தாய் கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை என்பது அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது.

அடுத்தவர் பிள்ளையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், கவனமுள்ள ஒரு தாய் தகப்பன் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய சட்டக் கருத்து. பாதுகாக்கும் கடமை என்கிறோமே, அதன் சாரம் இதுதான். கடமை பிள்ளையை வாங்கிக்கொண்டவரிடம் இருக்கிறது. அரைத்தாள் அதைத் தூக்கிப் பெற்றவர் தலையில் வைக்கிறது. குற்றவியல் சட்டத்தை எந்தப் பெற்றோரின் கையெழுத்தும் தள்ளுபடி செய்யாது. ஆனாலும் அந்தத் தாள் ஒரு வேலையைச் செய்துவிடுகிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால் கேட்க உரிமை இல்லை என்ற எண்ணத்தை, படிக்காத பெற்றோர் மனதில் முதல் நாளே விதைத்துவிடுகிறது.

பல நாடுகள் இந்த விஷயத்தைத் தம் பிள்ளைகளின் உடம்பை விலையாகக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டன. அவற்றின் விசாரணை அறிக்கைகளைப் படிக்கப் படிக்க ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. யாருக்குமே தெரியாமல் நடந்தது என்று சொல்லும்படியான பெரிய வழக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. எங்கோ ஒரு பிள்ளை யாரிடமோ சொல்லியிருக்கிறது, அல்லது ஒரு பெரியவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த முதல் சொல் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

விளையாட்டுக்கென்று சில சங்கடங்கள் உண்டு. கணக்கு வாத்தியார் மாணவியைத் தொட வேண்டிய தேவையே கிடையாது. ஜிம்னாஸ்டிக்ஸையும் மல்யுத்தத்தையும் தொடாமல் கற்றுத்தர முடியாது. வலித்தால் சொல்லு என்று வீட்டில் வளர்க்கிறோம். வலியைப் பொறுத்துக்கொள் என்று கிரவுண்டில் பழக்குகிறோம். எடை பார்ப்பது, உடை மாற்றுவது, ஈர உடையோடு நிற்பது, தசைப்பிடிப்புக்கு நீவிவிடுவது எல்லாம் அன்றாடம். பயிற்சி விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கும், இல்லையென்றால் இருட்டிய பிறகு முடியும். இவை எல்லாமே தேவையானவை. தேவையானவை என்பதாலேயே தப்பான தொடுதல் இவற்றுக்குள் ஒளிந்துகொள்கிறது. இது பயிற்சியா, வேறா என்று பிள்ளைக்கே குழப்பம் வந்துவிடுகிறது. குழப்பத்தில் இருக்கும் பிள்ளை வாய் திறப்பதில்லை.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு பாரம் இருக்கிறது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு. பொறியியல் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள். இவற்றுக்கு வேண்டிய சான்றிதழ், செலக்‌ஷன் பட்டியலில் பெயர் வந்து, போட்டியில் ஆடி, சங்கத்தின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்தால்தான் கிடைக்கும். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் மூன்று வேளைச் சாப்பாடும் முட்டையும் பாலும் நிச்சயம். கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தில் பெண் நன்றாக ஓடுகிறாள் என்றால், அந்த வீட்டின் பத்து வருட நம்பிக்கை ஒரு மாஸ்டரின் பேனா முனையில் நிற்கிறது. அந்தப் பெண் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உலகம் முழுக்க இந்தப் பேச்சைத் திறந்துவிட்டது அமெரிக்காவின் லாரி நாசர் வழக்கு. ஜிம்னாஸ்டிக்ஸ் தேசிய அணியின் மருத்துவர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணி. சிகிச்சை என்ற பெயரில் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம்பெண்களையும் சீரழித்தவர். 2018 ஜனவரியில் நீதிபதி ரோஸ்மேரி அக்விலினா அவருக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறை விதித்தார். அதற்கு முன் ஏழு நாள் அந்த நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் ஒலித்தன. தீர்ப்பைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தவை தேதிகள்.

1997இல், 16 வயதில், பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் விஷயத்தைச் சொன்னதாக ஒரு பெண் பின்னாளில் சாட்சியம் அளித்தார். 2014இல் வந்த புகாரைப் பல்கலைக்கழகமே விசாரித்தது. நடந்தது மருத்துவ முறைதான் என்று முடிவுகட்டி, நாசரைத் திரும்ப நோயாளிகளிடம் அனுப்பியது. 2015 ஜூனில் மேகி நிக்கல்ஸ் என்ற வீராங்கனை இந்தச் சிகிச்சையைப் பற்றித் தோழியிடம் பேசுவது அவருடைய பயிற்சியாளரின் காதில் விழுந்தது. அந்தப் பயிற்சியாளர் உடனே தாயிடம் சொன்னார், ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்துக்கும் சொன்னார். செய்ய வேண்டியதைச் செய்த ஒரு பெரியவர். ஆனால் சம்மேளனம் எஃப்.பி.ஐ.யிடம் போக ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. எஃப்.பி.ஐ. அதிகாரிகள் அதை எவ்வளவு அலட்சியமாகக் கையாண்டார்கள் என்பதை அந்நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. 2015 ஜூலைக்கும் 2016 செப்டம்பருக்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் சுமார் 70 இளம் வீராங்கனைகள் நாசரிடம் சிக்கினார்கள் என்று நீதிமன்ற ஆவணங்களை வைத்து அந்த அறிக்கை குறிப்பிடுகிறது. கோப்பு மேசையில் கிடந்த ஒவ்வொரு வாரமும் இன்னும் சில பிள்ளைகள் அந்த அறைக்குள் போனார்கள்.

கடைசியில் கதவைத் திறந்தது ஒரு நாளிதழ். 2016 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் ஸ்டார், சம்மேளனம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் மீது வந்த புகார்களை அலுவலக இழுப்பறையில் போட்டு வைத்திருந்ததை வெளிக்கொண்டு வந்தது. பாதிக்கப்பட்டவரோ பெற்றோரோ கையெழுத்திடாத புகாரை வெறும் கேள்விப்பேச்சாகத் தள்ளுவது அங்கே வழக்கமாக இருந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்துத்தான், நாசரால் பாதிக்கப்பட்ட ரேச்சல் டென்ஹொலாண்டர் பத்திரிகைக்கு எழுதினார். பல்கலைக்கழகம் பிறகு 50 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. சம்மேளனமும் ஒலிம்பிக் அமைப்பும் காப்பீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 38 கோடி டாலர். எஃப்.பி.ஐ.யின் தவறுக்காக அரசு 2024இல் 13.87 கோடி டாலர்.

நாசர் வழக்கில் நம் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. சில தடவை தாயோ தகப்பனோ அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் அதைச் செய்தார், பார்வைக்குக் குறுக்கே தன் உடம்பை வைத்துக்கொண்டு. கூடவே இருந்தால் போதும் என்ற நம் நம்பிக்கை அங்கே உடைகிறது. இன்னொன்று டெக்சாஸில் இருந்த பயிற்சி முகாம். பெற்றோருக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டில் கடும் கட்டுப்பாடு, ஓயாத கண்டிப்பு. அந்த இறுக்கத்துக்கு நடுவே பிள்ளைகளுக்கு ஒளித்து மிட்டாய் கொடுத்து, சிரித்துப் பேசிய ஒரே பெரியவர் நாசர். ஒரு இடத்தில் கண்டிப்பு என்ற பெயரில் பிள்ளைகளைப் பட்டினி போட்டு வாட்டினால், அன்பு காட்டி ஏமாற்ற வருபவனுக்குப் பாதி வேலையை நாமே முடித்துக் கொடுத்துவிடுகிறோம்.

பிரிட்டனின் கதை இதற்கு முந்தையது. 1988 ஒலிம்பிக் அணியின் நீச்சல் பயிற்சியாளர் பால் ஹிக்சனுக்கு, தன்னிடம் கற்ற இளம்பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதற்காக 1995இல் 17 ஆண்டு சிறை கிடைத்தது. அந்த அதிர்ச்சிதான் 2001இல் விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று ஒரு தனிப் பிரிவு உருவாக வழிவிட்டது. அதே வருடம் சீலியா பிராக்கன்ரிட்ஜ் என்ற ஆய்வாளரின் ‘ஸ்பாயில்ஸ்போர்ட்ஸ்’ நூலும் வந்தது. விளையாட்டு என்றாலே நல்லது என்று நம்பியிருந்த துறையில், பல ஆண்டு யாரும் காது கொடுக்காதபோது விடாமல் பேசிய பெண் அவர்.

ஆனால் கால்பந்து உலகம் பேச 2016 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் வீரர், சிறுவனாக இருந்தபோது பேரி பென்னல் என்ற பயிற்சியாளர் தனக்குச் செய்ததைத் தன் பெயரோடும் முகத்தோடும் சொன்னார். அணை உடைந்த மாதிரி அடுத்தடுத்து ஆண்கள் பேசினார்கள். பென்னலின் வீட்டில் விளையாட்டு இயந்திரங்களும் விதவிதமான வளர்ப்புப் பிராணிகளும் இருந்தன. திறமையுள்ள பையன்கள் அங்கே போய் ராத்தங்குவதைப் பெற்றோர் பெருமையாக நினைத்தார்கள். இதை விசாரித்த கிளைவ் ஷெல்டன் 2021 மார்ச்சில் அளித்த அறிக்கை, 1995 அக்டோபரிலிருந்து 2000 மே வரை கால்பந்துச் சங்கம் காட்டிய தாமதத்துக்கு எந்தச் சாக்கும் கிடையாது என்று தீர்த்துச் சொன்னது.

பையன்கள் விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில் 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். ஆனாலும் கேம்ப் என்றால் பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் துணைக்கு ஆள் தேடுகிறோம். பையன்களை ஒரு ஹாலில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லிவிட்டு, மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று கிளம்பிவிடுகிறோம். நானும் அப்படிக் கிளம்பியிருக்கிறேன்.

பாதுகாப்பு என்றவுடன் பாலியல் குற்றம் மட்டும் மனதில் வந்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். பதினெட்டு வயதுக்கு முன் கிளப்புகளில் விளையாடிய 4,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் எடுத்து, 2016இல் வெளியான ஆய்வில், 38 விழுக்காட்டினர் மனரீதியான கொடுமையையும் 14 விழுக்காட்டினர் பாலியல் கொடுமையையும் 11 விழுக்காட்டினர் அடி உதையையும் அனுபவித்ததாகச் சொன்னார்கள். பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி விசாரித்து ஆன் வைட் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கைக்கு 400க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் வந்தன. சாப்பாட்டையும் தண்ணீரையும் மறுப்பது, கழிவறைக்கு விடாமல் வைப்பது, எடையைச் சொல்லி எல்லார் முன்னும் அவமானப்படுத்துவது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. ஜப்பானில் பள்ளி விளையாட்டில் அடிப்பதற்கு தாய்பட்சு என்று ஒரு பெயரே உண்டு. 2012 டிசம்பரில் ஒசாகாவில் பயிற்சியாளரிடம் தொடர்ந்து அடி வாங்கிய கூடைப்பந்து அணித் தலைவன், பள்ளி மாணவன், உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் அந்த நாடு அதைப் பற்றிச் சத்தமாகப் பேசியது.

நம் ஊரில் அதற்குப் பெயர்கூட வேண்டியதில்லை. “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்” என்று பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன். அடிக்கிற மாஸ்டர்தான் மெடல் வாங்கித் தருவார் என்று ஊரே நம்புகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 வகுப்பறையில் அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடைசெய்துவிட்டது. கேட்டுக்கு வெளியே, வாடகை மைதானத்தில் நடக்கும் தனியார் பயிற்சியை அது தொடவில்லை. அதே பிள்ளை, அதே உடம்பு. நாலு மணி வரை பிரம்பு குற்றம், நாலரைக்கு அது பயிற்சி. சிறார் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்புறுத்தினால் சிறை என்கிறது. பராமரிப்பு ஒப்படைக்கப்பட்ட அமைப்பின் ஊழியரோ நிர்வாகியோ செய்தால் ஐந்து ஆண்டு வரை. இந்தப் பிரிவைக் கேள்விப்பட்ட பயிற்சியாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமைக்கும் நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டும். 2015 மே மாதம் ஆலப்புழையில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டு மையத்தில் பயிற்சி பெற்ற நான்கு பெண் பிள்ளைகள் விஷக்காயைத் தின்றார்கள். ஒருத்தி பிழைக்கவில்லை. மூத்த வீராங்கனைகளின் தொல்லை என்று குடும்பத்தார் சொன்னார்கள். விடுதி வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு, சீனியரின் துணி துவைப்பதும் ஷூ துடைப்பதும் எந்த இடத்தில் சகஜம் என்பதைத் தாண்டுகிறது என்று புரியும். அதைப் பார்க்க ராத்திரி விடுதியில் ஒரு பெரியவர் விழித்திருக்க வேண்டும்.

உச்சத்தில் ஆடும் பிள்ளையும் பிள்ளைதான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் கமீலா வலீயெவாவுக்கு 15 வயது. ஊக்கமருந்து விவகாரத்துக்கு நடுவே பனிச்சறுக்கு நடனத்தில் விழுந்து விழுந்து எழுந்த அந்தப் பிள்ளையை உலகமே பார்த்தது. வெளியே வந்ததும் பயிற்சியாளர் கேட்டது ஏன் விட்டாய் என்றுதான். அந்த வருடம் ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் பெரியோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17 ஆக்க முடிவெடுத்தது. பதினைந்து வயதில் அந்த மருந்து எப்படி உடம்புக்குள் வந்தது என்ற கேள்வியில், தண்டனை கடைசியில் பிள்ளையின் பெயரில்தான் விழுந்தது.

இந்தியாவில் இந்தப் பேச்சின் தொடக்கம் ருசிகா வழக்கு. 1990 ஆகஸ்ட், ஹரியானாவின் பஞ்ச்குலா. டென்னிஸ் ஆடிய 14 வயதுச் சிறுமி. பாலியல் சீண்டலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர் எஸ்.பி.எஸ். ரத்தோர், மாநில டென்னிஸ் சங்கத் தலைவர், அதோடு காவல்துறை ஐ.ஜி. சங்கத்தில் சொல்லலாம் என்றால் அவரே தலைவர், காவல்துறையில் சொல்லலாம் என்றால் அவரே அதிகாரி. தோழி நேரில் பார்த்த சாட்சி. அதே வருடம் டி.ஜி.பி. நடத்திய விசாரணை வழக்குப் பதியச் சொன்னது. முதல் தகவல் அறிக்கை பதிவானது 1999 டிசம்பரில். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1993 டிசம்பரில், அந்தப் பெண் தன் உயிரை முடித்துக்கொண்டிருந்தாள். வழக்குப் பதிவாவதற்குள் ரத்தோர் டி.ஜி.பி. ஆகியிருந்தார். 2009இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் 18 மாதம், 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து, அனுபவித்த காலமே போதும் என்றது. அந்தத் தோழியின் குடும்பம் மட்டும் கடைசிவரை வழக்கை விடவில்லை.

அன்றைக்கு இல்லாத சட்டங்கள் இன்றைக்கு இருக்கின்றன. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம்பிக்கைக்கும் அதிகாரத்துக்கும் உரிய இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை கூடுதல். 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. முதலில் உள்ளுக்குள் விசாரித்து உண்மையா என்று பார்ப்போம் என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. விசாரிப்பது காவல்துறையின் வேலை, சொல்வது நம் வேலை.

போக்சோ விதிகள் 2020இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மூன்றாவது விதியில் பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு ‘விளையாட்டு அகாடமி’ என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். நிரந்தரமோ ஒப்பந்தமோ, பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொரு ஊழியருக்கும் அவ்வப்போது காவல்துறைச் சரிபார்ப்பு நடத்த வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, விளையாட்டு அரங்கத்தையும் பயிற்சி நிலையத்தையும் பணியிடம் என்றே வரையறுக்கிறது. இத்தனை இருந்தும், மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகாரோடு டெல்லித் தெருவில் படுத்துக் கிடந்த 2023 மே மாதம், பல தேசியச் சம்மேளனங்களில் முறையான உள்புகார்க் குழுவே இல்லை என்ற செய்தியை வைத்துத் தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. உலக மேடையில் பதக்கம் வாங்கியவர்களுக்கே புகார் சொல்ல நடைபாதைதான் கிடைத்தது என்றால், ஜோனல் மீட்டில் ஓடும் எட்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே போவாள்? 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கையை வலியுறுத்துகிறது. வரவேற்கிறேன். ஆனால் அதன் கண் மேல்மட்டச் சம்மேளனங்கள் மேல் இருக்கிறது. பிள்ளைகள் இருப்பது தெருமுனை அகாடமியில்.

தமிழ்நாட்டு அனுபவம் இரண்டு. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் மீதான பாலியல் புகார்களை முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதத் தொடங்கினார்கள். அந்தத் துணிச்சல் பரவியது. ஒரு தடகள வீராங்கனை புகார் தர, புகழ்பெற்ற பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானார். அதன் பிறகு மேலும் பலர் புகாரோடு வந்தார்கள். வந்தவர்களில் சிலர் பயிற்சியை விட்டுப் பல வருடம் ஆனவர்கள்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்தது இன்னும் கொடிது. ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. என்ற பெயரில் முகாம். நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. சரிபார்க்க ஒரு போன் செய்திருந்தால் போதும். 17 பெண் பிள்ளைகள் பள்ளி அரங்கத்தில் ராத்தங்கினார்கள். துணைக்கு ஓர் ஆசிரியைகூட இல்லை. 13 வயதுப் பிள்ளை வன்கொடுமைக்கு ஆளானாள். விஷயம் பள்ளிக்குத் தெரிந்த பிறகும் போலீசுக்குப் போகவில்லை என்பதால் பள்ளியின் தலைமையில் இருந்தவர்களும் கைதானார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த ரயில் நிலையத்துத் தாயின் குரல்தான் கேட்டது. ராத்திரி எங்க படுப்பாங்க, கூட யாரு இருப்பாங்க?

காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டும். ஆனால் அதையே மலைபோல் நம்பக் கூடாது. நாசருக்கும் பழைய வழக்கு ஏதும் கிடையாது. யார் வந்தாலும் தப்பு செய்ய இடம் கொடுக்காத ஏற்பாடுகள்தான் பிள்ளையைக் காக்கும். அவை பெரிய செலவு பிடிப்பவையும் இல்லை. பிள்ளையோடு ஒரு பெரியவர் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிசியோவோ மசாஜோ திறந்த கதவோடு, இன்னொரு பெரியவர் பார்வையில் நடக்க வேண்டும். தொட்டுக் காட்டும் முன் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பிள்ளைக்குத் தனிச் செய்தி கிடையாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான் எல்லாம். மாஸ்டரின் பைக்கில் தனியாக ஏற்றி வரக் கூடாது. தங்குமிடத்தை ஒருவர் முன்கூட்டியே போய்ப் பார்த்து, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். செலக்‌ஷன் ஒருவர் கையில் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பலர் பாதுகாப்போடு சேர்த்து நினைப்பதில்லை. என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பேனா ஒரே ஆளின் கையில் இருக்கும்வரை பிள்ளை பேசாது.

இதையெல்லாம் சொன்னால் நல்ல பயிற்சியாளர்களுக்கு வருத்தம் வருகிறது. எங்கள் எல்லோரையும் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்கிறார்கள். சொந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஸ்பைக்ஸ் வாங்கித் தந்து, ஒப்பந்தச் சம்பளத்துக்கு வருடக்கணக்கில் உழைக்கும் மாஸ்டர்களை எனக்குத் தெரியும். பொய்ப் புகார் வந்துவிட்டால் வாழ்க்கையே போச்சே என்ற அவர்கள் பயம் நியாயமானது. கெட்ட எண்ணத்தோடு பொய் சொல்லும் பெரியவருக்குப் போக்சோவின் 22ஆம் பிரிவில் தண்டனையும் உண்டு. ஆனால் சட்டத்துக்கு முன்னால் அவர்களைக் காப்பது அந்தத் திறந்த கதவுதான். எப்போதும் இன்னொருவர் கண் முன்னால் வேலை செய்தவர் மீது பழி நிற்காது. என்னோடு வேலை பார்த்த ஒரு மூத்த பி.டி. சார், நீட்டிப் பயிற்சி தரும்போதெல்லாம் ஒரு பிள்ளையின் பாட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்துக்கொள்வார். அந்தப் பாட்டி வெற்றிலை மடித்துக்கொண்டே எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தச் சட்டமும் தெரியாத காலத்திலேயே அவர் அதைச் செய்தார்.

புகார் போகும் இடம் அகாடமிக்கு வெளியே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2017இல் அப்படி ஒரு தனி மையம் தொடங்கினார்கள். வழக்குகள் குவிந்து முடிவு தாமதமாகிறது என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் சம்மேளனத்தின் இழுப்பறையைவிட அது மேல். நம்மிடம் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417 இருக்கிறது. அந்த எண்களைப் பிள்ளையின் கண்ணில் படவைப்பதுதான் மீதி. பெரும்பாலான இடங்களில் அவற்றை அலுவலக அறையில், நிர்வாகி நாற்காலிக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

நாங்கள் அரைத்தாளை மாற்றினோம். பெற்றோர் கையெழுத்துக்கு மேலே இப்போது ஐந்து வரி கூடுதல்: தங்குமிடத்தின் முகவரி, இரவில் கூடத் தங்கும் பெரியவர்கள் இருவரின் பெயர், அவர்கள் போன் எண், பக்கத்து மருத்துவமனை, பள்ளியின் சார்பில் பொறுப்பேற்பவரின் கையெழுத்து. பொறுப்பல்ல என்ற வரியை எடுத்துவிட்டோம். எடுக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. 1098ஐ அலுவலகச் சுவரிலிருந்து அழித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், குனிந்து குடிக்கும் பிள்ளையின் கண்மட்டத்தில், நீலப் பெயிண்டில் எழுதினோம்.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி என்னிடம் வந்தான்.

“டீச்சர், இந்த நம்பருக்குப் பசங்களும் போன் பண்ணலாமா?”

பண்ணலாம் என்றேன். அவன் வரிசைக்கு ஓடினான். அன்று பயிற்சி முடிந்து, அவனை வீட்டார் வந்து கூட்டிப் போகும்வரை நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மறுநாள் காலை அவனை உட்கார வைத்துப் பேசினேன்.